ஜோடி வண்டியின் இடப்பக்கம்

மைத்துனர் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டுதான் டயரைத் தொடுவார்.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்த இடம் வெறும் பஞ்சர் கடை. ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு காற்று மெஷின், ஒரு பூனை. அப்புறம் அவர் எங்கேயோ போய் ஒரு வார இறுதிப் பயிற்சியை முடித்துக்கொண்டு, கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடு திரும்பி வந்தார். பலகை மாறியது. 'டயர் ஆலோசனை மையம்' என்று பெரிய எழுத்தில் எழுதினார்கள். தொட்டி பின்பக்கம் போயிற்று. பஞ்சர் என்று யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால், "காற்றிழப்பா?" என்று கேட்டுத் திருத்துவார். பூனை மட்டும் எந்தப் பயிற்சிக்கும் போகாமல் பழைய இடத்திலேயே படுத்திருந்தது.

அன்று அந்தக் கோட்டுக்கு முன்னால் நாலு கிழட்டு டயர்கள் நோயாளிகளைப் போலச் சுவரில் சாய்ந்திருந்தன. கொண்டுவந்தவர் குழாய்க்காரர்; மைத்துனருக்கு அக்கா புருஷன். மலைமேல் ஏரியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் இறங்கிவரும் பெரிய இரும்புக் குழாயைத் தினமும் அடியிலிருந்து நுனிவரை பார்த்துவிட்டு வருவது அவர் வேலை. அதற்காகக் குழாய்க் கம்பெனி கொடுத்திருந்த வண்டிக்குக் காகிதத்தில் 'பல்நிலப் பயண ஊர்தி' என்று பெயர். வாயால் சொல்கிறவர்கள் ஜோடி வண்டி என்பார்கள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டே இருக்கை, கதவு கிடையாது, தலைக்கு மேல் இரும்புக் கம்பிக் கூண்டு, பின்னால் சாமான் தட்டு, கீழே நாலு குண்டு டயர். சேறு, பாறை, ஓடை எதுவானாலும் ஏறிவிடும். நல்ல ரோட்டில் விட்டால்தான் அதற்கு நடக்க வராது. மனிதர்களிலும் அப்படிச் சிலர் உண்டு.

"அத்தான், டயரை வெறும் ரப்பர்னு நெனச்சுடாதீங்க," என்றார் மைத்துனர். "டயர்ங்கிறது ஒரு வாக்குமூலம்."

"போலீசுக்குத் தெரியுமா?" என்றார் குழாய்க்காரர்.

அவர் மனைவி சிரித்தாள். தம்பி வாங்கிப்போய்த் திருப்பித் தராத ஏணியைக் கேட்க வந்து, வந்த இடத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம் பல நாள் அவள் சிரிக்கவில்லை.

"சேத்து டயர் போடலாமா, பாறை டயர் போடலாமா, ரெண்டுக்கும் நடுவுலயான்னு முடிவு பண்ணணும்," மைத்துனர் வாத்தியார் மாதிரி உலாவினார். "பட்டன் எவ்வளவு ஆழம், உள்ளே எத்தனை ப்ளை, அதாவது எத்தனை மடிப்புத் துணி, எல்லாமே எடையைப் பொறுத்தது. வண்டியில எத்தனை பேர் போறீங்க?"

"ரெண்டு பேர்," என்றார் குழாய்க்காரர், பட்டென்று.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

"ரெண்டு பேரா?" என்றாள் மனைவி. "அவர்தான் மாத்தலாகிப் போய் எவ்வளவு நாளாச்சு. இப்ப யாரு ரெண்டாவது?"

யாரும் இல்லை. அதுதான் விஷயம். ஒற்றை ஆளாக மலையேறக் கூடாது என்பது கம்பெனி விதி. முன்பு ஒரு துணையாள் இருந்தார். அவர் மாற்றலாகிப் போனதும், அந்த இடத்துக்கு ஆள் போடுவது பரிசீலனைக்குப் போயிற்று. பரிசீலனைக்குப் போன எதுவும் அந்தக் கம்பெனியில் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆளையும் போடவில்லை, விதியையும் எடுக்கவில்லை, குழாயோ தினமும் அங்கேயே கிடந்தது. காலையில் கம்பியில்லாக் கருவியில் கன்ட்ரோல் ரூம் பெண், "எத்தனை பேர்?" என்று கேட்பாள். "ரெண்டு பேர்" என்று சொல்லிவிடுவார். இறங்கி வந்ததும், "எத்தனை பேர் திரும்பினீங்க?" அதற்கும் "ரெண்டு பேர்." ஊரே தண்ணீர் குடித்தது.

வண்டியிலும் கம்பெனி ஒரு காவல் வைத்திருந்தது. இரண்டு இருக்கையின் பெல்ட்டும் மாட்டினால்தான் வேகம் எடுக்கும், இல்லாவிட்டால் நத்தை. ஆகவே குழாய்க்காரர் தினமும் காலி இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டுவார். மாட்டுகிற கை சும்மா மாட்டினாலும் வாய் சும்மா இருக்காது. "கிளம்பலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார். தனியாக வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த அளவு கிறுக்கு, சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படுவது.

இதையெல்லாம் அங்கேயே மனைவியிடம் சொன்னார். அவள் முழுசாகக் கேட்டாள்.

"கம்பெனிக்கு ஒண்ணை ரெண்டுன்னு சொல்ற வாய், எனக்கு ரெண்டை ஒண்ணுன்னு சொல்லாதா?"

"அக்கா, எதுக்கு வாயைக் கேக்கறீங்க? டயரைக் கேப்போம்," என்றார் மைத்துனர். யாருடைய குடும்பத்தில் கை வைக்கிறோம் என்ற உணர்வே இல்லை. சான்றிதழில் அந்தப் பாடம் இல்லை. ஆழம் அளக்கும் குச்சியை எடுத்து நாலு டயரிலும் விட்டுப் பார்த்தார். சாக்பீஸால் வட்டம் போட்டார். பூனையைத் தாண்டி வந்து அறிவித்தார்:

"ஓட்டுறது அத்தான். உக்கார்றது வலது பக்கம். அப்ப வலது டயர்தானே அதிகம் தேயணும்? இங்க இடது ரெண்டும் மொட்டை. வலது ரெண்டுக்கும் இன்னும் உசிர் இருக்கு."

"பாதை சாய்வுடா, மாப்பிள்ளை."

"போறப்ப இடது சாஞ்சா, வர்றப்ப வலது சாயுமே அத்தான். ஒரே பாதையிலதானே போயிட்டு வர்றீங்க?" வெற்றிக் களிப்பில் அவர் குரல் ஏறியது. "இடது சீட்டுல ஆள் இருந்திருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல. நித்தியம். சயின்ஸ் உறவு பாக்காது."

காற்று மெஷின் தானாக ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

மைத்துனர் இரண்டு அடுக்கு டயர்களைக் காட்டினார். ஒன்று எட்டு ப்ளை: பக்கச்சுவர் தடித்தது, பாறை கீறினாலும் தாங்கும், இரண்டு ஆள் சுமைக்கு உகந்தது. இன்னொன்று ஆறு ப்ளை: லேசானது, சேற்றில் சுலபமாகச் சுழலும், ஒற்றை ஆள் ஓட்டினால் போதும்.

"ரெண்டு பேர்னா அது. ஒருத்தர்னா இது. நீங்களே சொல்லுங்க அத்தான்."

பாதையின் உச்சியில் கத்திப்பாறை என்று ஒரு இடம் உண்டு. உடைந்த பலகைக்கல் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். அங்கே எட்டு ப்ளை இல்லாமல் போவது வெறுங்காலோடு கண்ணாடித் துண்டில் நடப்பது மாதிரி. குழாய்க்காரருக்கு அது நன்றாகத் தெரியும். கை அந்த அடுக்கை நோக்கிப் பாதி தூரம் போயிற்று. மனைவியின் கண் அந்தக் கையிலேயே இருந்தது. டயர் தேர்ந்தெடுப்பது இப்படிச் சத்தியம் செய்கிற காரியமாகும் என்று அவர் நினைத்ததே இல்லை.

"ஆறு ப்ளை," என்றார்.

புது டயர்களின் மேல் பூராவும் மெல்லிய ரப்பர் முடிகள் சிலிர்த்து நின்றன. அவள் குனிந்து ஒன்றைத் தடவினாள். "இதென்னடா, தாடி மாதிரி?"

"அச்சுல வார்க்கும்போது வர்றது அக்கா. ஓட ஓட உதிர்ந்துடும். எந்தப் பக்கம் எடை அதிகமோ அந்தப் பக்கம் முதல்ல உதிரும்."

"அப்படியா," என்றாள் அவள்.

கல்யாணமானவர்களுக்கு அந்த 'அப்படியா' என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு வந்தது. "இடது டயர் முதல்ல வழுக்கையாச்சுன்னா நான் நம்ம பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிடுவேன். திரும்பி வர டிக்கெட் எடுக்க மாட்டேன்."

புருஷன் சட்டையில் முடி தேடும் மனைவிகளைக் கேள்விப்பட்டிருக்கிறோம். புருஷன் டயரில் முடி தேடியவள் இவள் ஒருத்திதான். வண்டி வாசலுக்கு வந்து நின்றதும் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வருவாள். உட்கார்ந்து, முகத்தில் எதையும் காட்டாமல், இடது முன்னால், இடது பின்னால், அப்புறம் வலது என்று சுற்றி வருவாள். எழுந்து போய்விடுவாள். சாப்பாட்டில் குறை இருக்காது. பேச்சில்தான் உப்பே இருக்காது.

குழாய்க்காரர் இப்போது முதல் தடவையாக அந்த இருக்கையைப் பற்றி யோசித்தார். யோசிக்க ஆரம்பித்ததுதான் தப்பாகப் போயிற்று.

காலி இருக்கையில் பெல்ட்டை மாட்டினால் அது விறைத்துக்கொண்டு சீட்டோடு சீட்டாக ஒட்டிக் கிடக்க வேண்டும். இது ஒட்டவில்லை. ஒரு மடியளவு எழும்பி, வளைந்து நின்றது. பனி மூட்டத்துக்குள் ஏறிப் போகும்போது கடைக்கண்ணில் அந்த வளைவு தெரிந்துகொண்டே இருந்தது. பள்ளத்தில் வண்டி இறங்கினால், அவர் உடம்பு குலுங்குகிற அதே நேரத்தில் அதுவும் குலுங்கி அடங்கியது.

மறுநாள் காலையில் கருவியை எடுத்து, "ஒருத்தர்தான் போறேன்மா," என்றார்.

"அய்யோ சார், ஒருத்தர்னா நான் அனுமதி கொடுக்க முடியாதே," என்றாள் கன்ட்ரோல் ரூம் பெண். "உங்க கூட வர்றவருக்கு என்ன ஆச்சு? உடம்பு சரியில்லையா?"

"இல்ல... இருக்காரு."

"அப்ப ரெண்டுன்னே போட்டுக்கறேன் சார். விளையாடாதீங்க காலங்காத்தால."

அன்று ஒரு சோதனையாக அந்தப் பெல்ட்டை மாட்டாமலே கிளம்பினார். வண்டி நத்தையாக ஊர்ந்தது. நடந்து போகிற ஆட்டுக்குட்டி கூட முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்தது. முதல் வளைவு தாண்டியது. இடப்பக்கத்தில், அவருக்கு வெகு அருகில், 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

வண்டி துள்ளிக்கொண்டு வேகம் எடுத்தது.

குழாய்க்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. குழாயைக்கூடப் பார்க்கவில்லை. ஏரி வரைக்கும் நேராக முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினார். பயந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம், பார்க்க யார் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொன்ன சமாதானத்தின் கடைசிப் பாதியை நினைத்ததும் மிதியை இன்னும் அழுத்தினார்.

வேலையை விட்டுவிடலாம் என்று தோன்றியது. என்ன காரணம் எழுதுவது? இரண்டாவது ஆள் வந்துவிட்டார் என்றா? கம்பெனி சந்தோஷப்படும்.

அந்த வாரக் கடைசியில் இடது டயர்கள் இரண்டும் மழமழவென்று இருந்தன. வலதில் முடி அப்படியே சிலிர்த்துக்கொண்டிருந்தது. மனைவி எழுந்தாள், கையைத் துடைத்தாள், உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். கோபமாகச் சாமான்களைப் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. புடவைகளை ஓரம் பார்த்து மடித்து மடித்து வைத்தாள்.

"நீயே ஒரு நாள் வந்து பாரு," என்றார் அவர் கதவைப் பிடித்துக்கொண்டு. "நான் சொல்றதுக்கு என்கிட்ட வார்த்தை இல்ல. நீ வந்து உக்காரு, உன் கண்ணால பாரு. அப்புறம் போ."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "நான் வர்றேன்னா அவ வர மாட்டாளே."

"அவ இல்ல," என்றார். அப்புறம், "தெரியல," என்றார்.

காலையில் அவள் ஜோடி வண்டியில் ஏறி இடது இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தால் வீட்டு சோபா ஒரு வார்த்தை பேசும். வண்டி பேசவில்லை. ஸ்பிரிங் முனகவில்லை, டயர் அமுங்கவில்லை. ஏற்கெனவே அமுங்கி நின்ற வண்டி, அவள் ஏறினதைக் கண்டுகொள்ளாமலே நின்றது.

"சீட்டு வெதுவெதுன்னு இருக்கு," என்றாள்.

"எஞ்சின் பின்னாலதான் இருக்கு."

"இன்னும் ஸ்டார்ட்டே பண்ணலையே."

அவர் சாவியைத் திருப்பினார். அவள் பெல்ட்டை இழுத்தாள். "இதென்ன இவ்வளவு நீளமா விட்டு வெச்சிருக்கு? ரெண்டு பேரைச் சேத்துக் கட்டலாம் போல."

கருவி கரகரத்தது. "எத்தனை பேர் சார்?"

"ரெண்டு பேர்," என்றார். துணையாள் போன பிறகு முதல் தடவையாக அது உண்மை. இருந்தும் பொய் சொன்ன மாதிரி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பாதி மலை வரைக்கும் அவள் பாதையைப் பார்க்கவில்லை. சீட்டின் மடிப்புகளில் விரலை விட்டு எதையோ தேடினாள். கொண்டை ஊசி, பொட்டு, எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இருவருக்குமே நிம்மதியாக இருந்திருக்கும். பனி இறங்கியது. குழாய் ஒரு பெரிய கறுப்பு விலங்கு போல ஓரமாகவே கூட வந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க. நெருக்குது," என்றாள் அவள்.

"நான் எங்க நெருக்கறேன்? நடுவுல கம்பி இருக்கு பாரு."

அவள் பார்த்தாள். கம்பி இருந்தது. நெருக்கியது அவர் பக்கத்திலிருந்து இல்லை. அதற்குப் பிறகு அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சீட்டின் நுனிக்கு வந்து உட்கார்ந்தாள், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்காருகிற மாதிரி.

கத்திப்பாறையில் இடது பின்டயர் கிழிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. துணி கிழிகிற சத்தம்தான். பக்கச்சுவரில் ஒரு முழ நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. ஆறு ப்ளை தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

இருவரும் இறங்கினார்கள். அவர் தட்டிலிருந்து பழைய எட்டு ப்ளை ஸ்டெப்னியை இறக்கினார். அவள் எதிரே நின்று வண்டியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இங்க வாங்க," என்றாள். குரல் சின்னதாக இருந்தது. "நான் இங்க நிக்கறேன். நீங்க அங்க நிக்கறீங்க. வண்டி ஏன் இன்னும் இப்படிச் சாஞ்சிருக்கு?"

"பின்டயர் போச்சில்ல."

"முன்டயரைப் பாருங்க."

இடது முன்டயர் வயிறு பிதுங்க அமுங்கியிருந்தது. அவள் இருக்கையைக் காட்டினாள். பெல்ட் மாட்டியிருந்தது. காற்றில் ஒரு மடியளவு வளைந்து நின்றது.

"நான் கழட்டிட்டுத்தான் இறங்கினேன்," என்றாள்.

பனிக்குள் எங்கோ குழாயின் ஓட்டையொன்று விசிலடித்தது. கருவி அலறியதும் இருவரும் துள்ளினார்கள்.

"சார், வண்டி நின்னுடுச்சுன்னு இங்க திரையில காட்டுதே, ஏதாவது பிரச்சினையா?"

"டயர் கிழிஞ்சிடுச்சும்மா. மாத்திட்டு இருக்கோம்."

"சரி சார். விதிப்படி ரெண்டு பேரும் குரல் கொடுக்கணும். கூட இருக்கறவரைப் பேசச் சொல்லுங்க."

அவர் அசையாமல் நின்றார். அவள்தான் கருவியைக் கையிலிருந்து வாங்கினாள். "நல்லா இருக்கோம்," என்றாள்.

"நீங்க யாரு மேடம்? எப்பவும் பேசுறவர் எங்க?"

"எப்பவும் பேசுறவரா?"

"ஆமா மேடம். சார் 'ரெண்டு பேர் திரும்பினோம்'னு சொன்னதும் அவரும் 'திரும்பினோம்'னு சொல்வாரே. தினமும்."

குழாய்க்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் உட்காரவில்லை. இத்தனை நாள் இடுப்பில் முடிந்து வைத்திருந்த கேள்வியை அந்த நேரத்திலும் விடுவதாக இல்லை.

"ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

"அதுவா மேடம்..." பெண் யோசித்தாள். "சரியாச் சொல்லத் தெரியல. ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கும். ஆனா ரொம்ப மரியாதையானவர் மேடம். சாரைவிட. ஏன், அவர் இல்லையா அங்க?"

அவள் இருக்கையைப் பார்த்தாள். "இருக்காரு," என்று சொல்லிக் கருவியை அணைத்தாள்.

ஜாக்கி போட்டார். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற அது கல்லுக்குள் இறங்கியதே தவிர வண்டி ஏறவில்லை. முகமெல்லாம் வேர்வை. இரண்டாவது தடவையும் வழுக்கியபோது அவளுக்குப் பொறுமை போயிற்று. விருந்தாளி எழுந்திருக்காமல் பாயைச் சுருட்ட முடியாதபோது பேசுகிற குரலில் இருக்கையைப் பார்த்துச் சொன்னாள்:

"டயர் மாத்தணும். கொஞ்சம் இறங்கறீங்களா?"

க்ளிக்.

பெல்ட் சரசரவென்று உள்ளே இழுத்துக்கொண்டது. வண்டியின் இடப்பக்கம் ஒரு விரற்கடை நிமிர்ந்தது. ஓரத்துப் புல் ஒரு இடத்தில் மட்டும் படுத்தது, படுத்தபடியே இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல், நட்டுகளைக் கழற்றி, டயரை மாற்றி, நட்டுகளை இறுக்கினார். கை தவறி ஒரு நட்டு உருண்டு புல் பக்கம் போயிற்று. அதை எடுக்கப் போகலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது உருண்டு திரும்பி வந்தது.

புல் நிமிர்ந்தது. இடப்பக்கம் அமுங்கியது. க்ளிக்.

மனைவி பின்னால் சாமான் தட்டில் ஏறி, ஸ்பானர்களுக்கும் கிழிந்த டயருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். இறங்கும் வழியெல்லாம் அந்த இருக்கையின் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வண்டி குலுங்கியபோதெல்லாம் அவள் கை மட்டும் கம்பி வழியாக வந்து புருஷனின் தோளைப் பிடித்திருந்தது. அவ்வளவு இறுக்கமாக அவள் பிடித்து வெகு காலமாகியிருந்தது.

கீழே வந்ததும், "எத்தனை பேர் திரும்பினீங்க சார்?" என்று கருவி கேட்டது. "ரெண்டு பேர்," என்றார். அவள் பின்னாலிருந்து காது கொடுத்துக் கேட்டாள். வேறு யாரும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. "நன்றி, ரெண்டு பேருக்கும்," என்றாள் கன்ட்ரோல் ரூம் பெண்.

வீட்டில் அவள் பெட்டியிலிருந்த புடவைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

"நம்பறியா இப்ப?" என்றார்.

"உங்களை நம்பறேன்," என்றாள். "விடிஞ்சதும் டயர் மாத்தணும்."

"வேலையையே விட்டுடறேனே."

"விட்டா அது எங்க போகும்னு நினைக்கறீங்க? அந்த மலையில அதுக்கு யாரைத் தெரியும், உங்களை விட்டா?"

இரவு முழுக்க அந்தக் கேள்வி சுவர்க்கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஆலோசனை மையத்தில் மைத்துனர் கிழிந்த டயரைப் பார்த்ததும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "நான் சொன்னப்பவே கேட்டிருக்கலாம். ஒருத்தர்தான்னு அடிச்சுச் சொன்னீங்களே அத்தான்!"

"ரெண்டு பேர்," என்றாள் அக்கா. "எட்டு ப்ளை போடு. நாலுக்கும்."

மைத்துனரின் முகம் மலர்ந்தது. அக்காவின் வாழ்க்கை போனாலும் கணக்குச் சரியாக வந்ததில் அவருக்கு ஒரு திருப்தி. "அப்ப ஒத்துக்கறீங்க! யாரு அக்கா அது?"

"கூட வேலை பாக்கறவங்க."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியல."

"எடை எவ்வளவுன்னாவது சொல்லுங்க, அதுக்கேத்த மாதிரி காத்து வைக்கணும்."

"என்னைவிட லேசுதான்," என்றாள் அவள் யோசித்து. "ஆனா கூடிக்கிட்டு வருது."

மைத்துனர் சிரித்தார். அக்கா சிரிக்காததைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். "என்னக்கா, பேய்க் கதையா? டயர்ங்கிறது முழுக்க முழுக்கப் பௌதிகம். இப்ப பாருங்க," என்று சொல்லிக்கொண்டே ஜோடி வண்டியின் இடது இருக்கையில் டாக்டர் நாற்காலியில் உட்காருகிற தோரணையில் உட்கார்ந்தார். "இப்ப நான் உக்காந்தேன். எடை இறங்குது. டயர்..."

சொல்ல வந்த வாய் அப்படியே திறந்திருந்தது. கீழே டயர் அசையவில்லை. மடியில் இருந்த இரண்டு கைகளையும் மெல்லத் தூக்கிப் பார்த்தார், அவை தன்னுடையவைதானா என்று எண்ணுவது போல. அப்புறம் மிகுந்த பணிவோடு, யாரையும் இடித்துவிடாமல், ஒருக்களித்து இறங்கினார். பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

நாலு டயரையும் அவரே மாட்டினார். கோட்டின் முதுகு வேர்வையில் ஒட்டியிருந்தது. எழுந்து நின்றதும், "காத்து கொஞ்சம் கூடவே வெச்சிருக்கேன் அத்தான்," என்றார், வண்டியைப் பார்க்காமல்.

குழாய்க்காரர் ஏறி வலது இருக்கையில் உட்கார்ந்து தன் பெல்ட்டை மாட்டினார். இடது பெல்ட்டுக்காகக் கையை நீட்டினார். அதற்குள் மனைவி அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டாள். பெல்ட்டை அவளே இழுத்தாள். அது நீளமாக, சுலபமாக வந்தது. சுற்றி வளைத்துக் கொண்டுபோய் மாட்டி, ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோனாள். பிடிக்காத சம்பந்தி வீட்டாரிடம் பேசுகிற குரல். மரியாதையில் துளிக் குறைவில்லை, அன்பில் துளியும் இல்லை.

"தினமும் அவரோட போங்க, அவரோட வாங்க. நான் ஒண்ணும் சொல்லல. நடுவுல எங்கயாவது இறங்கணும்னு தோணிச்சுன்னா, நீங்க மட்டும் இறங்கிக்கணும்."

பெல்ட் ஒரு நூல் தளர்ந்து, மறுபடி இறுகியது. மூச்சை இழுத்து விடுகிறவர் மார்பின் மேல் ஆகிற மாதிரி. அவள் நிமிர்ந்து, புருஷனைப் பார்த்து, போகலாம் என்று தலையசைத்தாள்.